எட்டு வினாடிப் பிழைப்பு

அமெரிக்காவின் செயென் நகரில் ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் பத்து நாள் ரோடியோ திருவிழா. பார்க்க வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். குதிரைமீது ஏறுகிறவர்களுக்குக் கூலி நிச்சயமில்லாத வேலை.

பட்டியின் கதவு பக்கவாட்டில் திறந்தது. பழுப்பு நிறக் குதிரை வெளியே பாய்ந்த வேகத்தில் நாலு காலும் தரையை விட்டு எழும்பின. முதுகில் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன். ஒரு கையில் தடித்த கயிறு, மறு கை காற்றில். முதல் துள்ளல், இரண்டாவது, மூன்றாவது. நாலாவது துள்ளலில் குதிரை சட்டென்று இடப்பக்கம் திரும்ப, பையன் வலப்பக்கம் போய் விழுந்தான். கூட்டம் போட்ட 'ஓ'வில் அவன் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

பையன் எழுந்தான். தொப்பியைத் தேடி எடுத்து, தொடையில் தட்டித் தூசி போக்கித் தலையில் வைத்துக்கொண்டான். இடது தோளைப் பிடித்தபடி வேலியை நோக்கி நடந்தான். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் சொன்னார்: "இன்று இவருக்குக் கிடைக்கப்போவது உங்கள் கைத்தட்டல் மட்டும்தான். அதையாவது தாராளமாகக் கொடுங்கள்." கூட்டம் தாராளமாகவே கொடுத்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி மகள், பத்து வயது, கைதட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "கைத்தட்டல் மட்டும்தானா அத்தை? அந்த அண்ணாவுக்குச் சம்பளம் கிடையாதா?"

கிடையாது. அது மட்டுமல்ல, அந்தக் குதிரைமீது ஏறுவதற்கு அவன்தான் பணம் கட்டியிருக்கிறான். இதை அவளுக்கு விளக்குவதற்குள் அடுத்த குதிரைக்குப் பட்டிக் கதவு திறந்துவிட்டது.

நாங்கள் செயெனுக்கு ரோடியோ பார்க்க வரவில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹாவில் தம்பிக்கு வேலை. 2024 ஜூலையில் நான் போயிருந்தபோது காரிலேயே எல்லோஸ்டோன் பூங்காவுக்குப் போய்வரலாம் என்று கிளம்பினோம். இன்டர்ஸ்டேட் 80 என்ற நெடுஞ்சாலை ஓமஹாவிலிருந்து மேற்கே பிளாட் நதியை ஒட்டிப் போகிறது. இருபுறமும் மக்காச்சோளம், அது முடிந்ததும் புல்வெளி. சுமார் 800 கிலோமீட்டர் ஓடி, வயோமிங் மாநிலத்துக்குள் நுழைந்து அரை மணி நேரத்துக்குள் செயென் வந்துவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயரம். ஏறியது தெரியாமலே ஏறியிருப்போம். மூச்சு வாங்குவதை வைத்துத்தான் தெரிகிறது.

அங்கே ஓர் இரவு தங்குவதாகத் திட்டம். ஆனால் ஊருக்குள் ஒரு அறைகூட இல்லை. இருந்த ஒன்றிரண்டுக்கும் கேட்ட வாடகையில் ஓமஹாவில் ஒரு வாரம் தங்கலாம். கடைசியில் இன்னும் 80 கிலோமீட்டர் மேற்கே, லாரமி என்ற ஊரில் ஒரு சிறிய மோட்டலில் இடம் கிடைத்தது. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் இப்படிப்பட்ட பல மோட்டல்களைப்போல அதுவும் ஒரு குஜராத்திக் குடும்பத்துடையது. சாவியைக் கொடுத்தபடியே உரிமையாளர் சிரித்தார். இந்த வாரம் தெரியாமல் வந்து மாட்டிக்கொள்கிற இந்தியர்கள் தினமும் இரண்டு பேராவது வருகிறார்களாம். "வந்ததுதான் வந்தீர்கள், பார்த்துவிட்டுப் போங்கள். இந்த ஊருக்கு இதுதான் தீபாவளி" என்றார் இந்தியில்.

மறுநாள் திங்கட்கிழமை காலை திரும்பிச் செயெனுக்கு வந்தோம்.

சிமென்ட் வண்டியில் மாவு

செயெனின் மக்கள்தொகை சுமார் 65,000. நம் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சி. ஆனால் அதுதான் வயோமிங்கின் தலைநகரம். அமெரிக்காவிலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட மாநிலம் அது. மொத்தமே 6 லட்சம் பேர் தேறமாட்டார்கள். 'ஃபிரான்டியர் டேஸ்' எனப்படும் திருவிழாவின் பத்து நாளும் இந்த அமைதியான ஊர் அடையாளம் தெரியாமல் மாறிவிடுகிறது.

காலை ஏழு மணிக்கு, 1887இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய ரயில் நிலையத்துக்கு முன்னால் இலவசச் சிற்றுண்டி. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் உண்டு. பான்கேக் என்ற தடித்த இனிப்புத் தோசைதான் பண்டம். வரிசை தெருமுனையைத் தாண்டிப் போகிறது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு மாவு கலக்க எந்தப் பாத்திரமும் போதாது என்பதால், கட்டட வேலைக்கு வரும் கான்கிரீட் கலவை வண்டியில் மாவு கலக்கிறார்கள். கல்லிலிருந்து தோசை ஆகாயத்தில் பறக்கிறது. தட்டோடு நிற்கும் சிறுவர்கள் அதை ஓடிப்போய்ப் பிடிக்கிறார்கள். வேலை செய்பவர்கள் யாருக்கும் சம்பளம் இல்லை. வங்கி ஊழியரும் பள்ளி ஆசிரியரும் கரண்டி பிடித்து நிற்கிறார்கள். திருவிழாவில் இப்படி 2,500க்கும் மேற்பட்ட தொண்டர்கள் உழைக்கிறார்கள். சிலர் விடுமுறையைச் சேர்த்துவைத்து இதற்காகவே எடுக்கிறார்கள்.

இன்னொரு பெருமை, ஊர்வலம். பழைய கோச்சு வண்டிகளும் குதிரை வண்டிகளும்தான் அதில் பிரதானம். இந்த வண்டிகளை ஆண்டு முழுதும் பழுதுபார்த்துப் பாதுகாப்பதற்கு மைதானத்தை ஒட்டி ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது. எந்தக் குதிரைக்கு எந்தச் சேணம், எந்த வண்டிக்கு எந்தச் சக்கரம் என்று வயதானவர்கள் விவாதித்துக்கொண்டிருப்பதைக் கேட்டால், நம் ஊரில் தேரின் வடத்தையும் முட்டுக்கட்டையையும் பற்றிப் பேசும் பெரியவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

மதியம் ரோடியோ. மைதானத்தில் சுமார் 19,000 பேர் உட்காரலாம். அதற்கு வெளியே ராட்டினம், பொரித்த தின்பண்டங்கள், தொப்பிக் கடைகள். இரவில் நாட்டுப்புற இசைக் கச்சேரி. 1897இல் தொடங்கிய திருவிழா இரண்டு உலகப் போர்களின்போதும் நிற்கவில்லை. கோவிட் காரணமாக 2020இல்தான் முதன்முறையாக ரத்தானது.

முடிந்துபோன வேலை

செயென் நகரம் ரயிலோடு பிறந்தது. 1867இல் யூனியன் பசிபிக் பாதை மேற்கே நகர்ந்தபோது தண்டவாளம் போடுகிறவர்களின் கூடாரங்களாக ஆரம்பித்தது. அடுத்து மாடு வந்தது. வேலி இல்லாத புல்வெளி; மேய்ச்சலுக்குக் கட்டணம் இல்லை. டெக்ஸாஸிலிருந்து ஆயிரக்கணக்கான மாடுகளைப் பல மாதம் ஓட்டிவந்து இங்கே மேய்த்து, ரயிலேற்றி, கிழக்கே இறைச்சிக் கூடங்களுக்கு அனுப்பினார்கள். முதல் போட்டவர்களில் பலர் பிரிட்டிஷ், ஸ்காட்டிஷ் கனவான்கள். அவர்கள் குடித்துக் களிக்கச் செயெனில் ஒரு சொகுசு கிளப் இருந்தது.

மாடுகளை ஓட்டியவன்தான் கௌபாய். இந்தச் சொல்லை எப்படித் தமிழில் சொல்வது என்பது மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர்களுக்குப் பழைய தலைவலி. 'ஆயர்' என்றால் காவிய வாசனை அடிக்கிறது. 'இடையன்' என்றால் சாதிப் பெயராகிவிடுகிறது. ஹாலிவுட் படங்களைப் பார்த்தவர்கள் 'வீரன்' என்பார்கள். உண்மைக்கு மிக அருகில் இருப்பது 'மாட்டுக்காரப் பையன்'. மாதம் 30, 40 டாலர் கூலிக்குக் குதிரையில் உட்கார்ந்து, மழையிலும் தூசியிலும் அடுத்தவருடைய மாட்டை ஓட்டிய கூலியாள் அவன். பெரும்பாலும் குதிரைகூட அவனுடையதல்ல, முதலாளியுடையது.

அவன் தொழில் சொற்கள் பலவும் கடன்தான். மெக்ஸிகோவின் மாட்டுக்காரர்களிடமிருந்து வேலையைக் கற்றபோது சொற்களும் கூடவே வந்துவிட்டன. 'ரோடியோ' என்பது ஸ்பானிய மொழியில் சுற்றி வளைத்தலைக் குறிக்கும் சொல். சிதறி மேயும் மாடுகளை வளைத்துச் சேர்ப்பது. 'ராஞ்ச்' என்ற பண்ணையும், 'லாரியட்' என்ற சுருக்குக் கயிறும் அங்கிருந்து வந்தவையே.

இந்த வேலை அதிக காலம் நீடிக்கவில்லை. 1874இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். புல்வெளி துண்டு துண்டானது. 1886-87 குளிர்காலத்தில் பனி புல்லை மூடி உறைந்துவிட, வடக்குச் சமவெளியில் லட்சக்கணக்கான மாடுகள் நின்ற இடத்திலேயே செத்தன. முதலாளிகள் பலர் திவாலானார்கள். மிஞ்சியவர்கள் 1892 ஏப்ரலில் சிறு பண்ணைக்காரர்களை மாட்டுத் திருடர்கள் என்று சொல்லி, அவர்களைக் கொல்ல டெக்ஸாஸிலிருந்து துப்பாக்கி ஆட்களை வரவழைத்தார்கள். 'ஜான்சன் கவுண்டிப் போர்' என்று சரித்திரத்தில் பெயர் பெற்ற அந்தப் படையெடுப்புக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற தனி ரயில் புறப்பட்டது இதே செயெனிலிருந்துதான்.

அதற்குப் பின் ஐந்தே ஆண்டில், 1897 செப்டம்பர் 23 அன்று, முதல் 'ஃபிரான்டியர் டே' நடந்தது. யோசனை சொன்னவர் ரயில் கம்பெனியின் பயணிகள் பிரிவு முகவரான ஃபிரெடரிக் ஏஞ்சியர். திருவிழா வைத்தால் ஜனங்கள் டிக்கெட் வாங்கி ரயிலில் வருவார்கள் என்பது அவர் கணக்கு. அது பலித்தது.

வேலை இருந்தவரை அதை யாரும் கொண்டாடவில்லை. முடிந்துபோன பிறகு டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். கூலிக்காரனாக இருந்தவன் வீரன் ஆனான். ஆனால் வீரனுக்கு யார் கூலி கொடுப்பது என்ற கேள்வி பாக்கி இருந்தது.

கணக்கு எப்படி?

போட்டியின் விதிகள் எளிமையானவை. சேணம் போட்ட குதிரையானாலும், சேணம் இல்லாத குதிரையானாலும், காளையானாலும் எட்டு வினாடி தாங்க வேண்டும். ஒரு கையால்தான் பிடிக்கலாம். மறு கை மிருகத்தின் மீதோ தன் உடம்பின் மீதோ பட்டால் ஆட்டம் செல்லாது. எட்டு வினாடி தாங்கினால் நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 100. அதில் பாதி வீரனுக்கு, பாதி மிருகத்துக்கு. சாதுவான குதிரை அமைந்தால் எவ்வளவு நன்றாக உட்கார்ந்தாலும் பரிசு இல்லை. முரட்டுக் குதிரை அமைய வேண்டும் என்றுதான் வீரன் வேண்டிக்கொள்கிறான். எந்தக் குதிரை யாருக்கு என்பது குலுக்கலில் முடிவாகிறது.

ஓடுகிற கன்றைச் சுருக்குப் போட்டுப் பிடித்து மூன்று காலைக் கட்டுவது, ஓடுகிற காளையைக் கொம்பைப் பிடித்துச் சாய்ப்பது, பெண்கள் மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டுவது ஆகியவற்றில் கடிகாரம்தான் நடுவர். குதிரை பழக்குவதும் கன்றைக் கயிறு போட்டுப் பிடிப்பதும் பண்ணை வேலைகள். இன்றும் நடப்பவை. காளைமீது ஏறுவதற்கு மட்டும் எந்தப் பண்ணையிலும் எந்தக் காலத்திலும் தேவை இருந்ததில்லை. அது கூட்டத்துக்காகவே உண்டானது. அதுதான் மிக ஆபத்தானதும்கூட.

இனி தம்பி மகளின் கேள்வி. இந்த ஆட்டக்காரர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. பேஸ்பால், கூடைப்பந்து வீரர்களைப்போல ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் பணம் வருவதில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. பெரிய போட்டிகளில் அது சில நூறு டாலர். பெட்ரோல், சாப்பாடு, படுக்கை எல்லாம் சொந்தச் செலவு. முதல் சில இடங்களில் வந்தால் பணம். வராவிட்டால் கைத்தட்டல். அதனால்தான் ஒரே வாரத்தில் மூன்று, நாலு ஊர்களில் பெயர் கொடுக்கிறார்கள். ராத்திரி முழுக்க மாறி மாறி வண்டி ஓட்டுகிறார்கள். ஜூலை 4 சுதந்திர தினத்தை ஒட்டிய நாட்களில் போட்டிகள் குவிவதால், அந்த வாரங்களை 'கௌபாய் கிறிஸ்துமஸ்' என்கிறார்கள். சம்பாதிக்கிற காலம், தூங்காத காலம்.

முன்பு நிலைமை இதைவிட மோசம். கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, பரிசுத் தொகையைத் தங்கள் இஷ்டத்துக்கு வைத்தார்கள் அமைப்பாளர்கள். 1936 அக்டோபர் கடைசியில் பாஸ்டன் நகரில் நடந்த ரோடியோவில் 61 பேர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, ஆடமாட்டோம் என்று வெளிநடப்பு செய்தார்கள். பரிசுத் தொகையை உயர்த்த வேண்டும், நாங்கள் கட்டும் கட்டணத்தையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. அமைப்பாளர் டபிள்யூ.டி. ஜான்சன் இறங்கிவந்தார்.

அன்று உருவான சங்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'கௌபாய் ஆமைகள் சங்கம்'. மெதுவாகத்தான் நகர்ந்தோம், ஆனால் கடைசியில் கழுத்தை வெளியே நீட்டிவிட்டோம் என்பது விளக்கம். 1945இல் பெயரை மாற்றிக்கொண்ட அந்தச் சங்கத்தின் வழியில் வந்ததுதான் இன்று செயென் போட்டி உள்படப் பல நூறு போட்டிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் தொழில்முறை அமைப்பு.

இதில் ஒரு பொருத்தம் உண்டு. வயோமிங்கில் ஓடும் ஒவ்வொரு காரின் எண் பலகையிலும் துள்ளும் குதிரைமீது தொப்பியை வீசியபடி ஒரு கௌபாய் இருப்பார். அந்தச் சின்னம் பலகையில் ஏறியதும் 1936இல்தான். அரசு அவனைச் சின்னமாக்கிய ஆண்டிலேயே அவன் தன் பங்குக்காக வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

லேன் ஃபிராஸ்ட்

மைதானத்துக்கு அருகே ஒரு வெண்கலச் சிலை. காளைமீது ஓர் இளைஞன். அதற்குமுன் நின்று படம் எடுத்துக்கொள்ள எப்போதும் கூட்டம். அவர் பெயர் லேன் ஃபிராஸ்ட். 1987இன் உலகச் சாம்பியன். தொழில்முறைப் போட்டிகளில் 309 முறை யாருக்கும் அடங்காத 'ரெட் ராக்' என்ற காளையோடு 1988இல் ஏழு முறை மோதி, நாலு முறை எட்டு வினாடி தாங்கியவர்.

1989 ஜூலை 30. செயென் திருவிழாவின் கடைசி நாள். மழையில் மைதானம் சேறாக இருந்தது. ஃபிராஸ்ட் எட்டு வினாடியை முடித்துவிட்டார். மதிப்பெண் 85. காளையிலிருந்து இறங்கியவர் சேற்றில் விழ, காளை திரும்பிவந்து முதுகில் முட்டியது. எழுந்து நின்றார். உதவிக்குக் கை அசைத்தார். சில அடி நடந்து முகம் குப்புற விழுந்தார். விலா எலும்புகள் உடைந்து உள்ளே ரத்தக் குழாய் கிழிந்திருந்தது. அவருக்கு வயது 25.

அதே ஆண்டு இறுதியில் லாஸ் வேகஸில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் அவருடைய நண்பர் டஃப் ஹெட்மன் எட்டு வினாடிக்கான மணி அடித்த பிறகும் காளையிலிருந்து இறங்கவில்லை. நண்பனுக்காக இன்னொரு எட்டு வினாடி உட்கார்ந்திருந்தார். 1994இல் ஃபிராஸ்டின் வாழ்க்கை '8 செகண்ட்ஸ்' என்ற சினிமாவானது.

ஆனால் அஞ்சலிகளைவிடப் பயன்பட்டது இன்னொரு நண்பர் செய்த காரியம். கோடி லாம்பர்ட்டும் காளை ஏறுபவர்தான். குதிரைப் பந்தய ஜாக்கிகள் அணியும் கவசத்தைப் பார்த்து, காளை ஏறுபவர்களுக்கான மார்புக் கவச அங்கியை உருவாக்கினார். முதலில் சிலர் தயங்கினார்கள். சில ஆண்டுகளில் அது இல்லாமல் ஏறுபவர் அபூர்வம் என்றாகிவிட்டது. நாங்கள் பார்த்த அன்று மைதானத்தில் பளபளத்த அங்கிகளில் வியாபார நிறுவனங்களின் பெயர்கள் ஒட்டியிருந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கட்டணத்தைப் பரிசில் சேர்க்கச் சொன்னதும் சரி, உயிர் காக்கும் அங்கியும் சரி, மேலே உட்கார்ந்து பார்த்தவர்கள் கொடுத்ததல்ல. விழுந்தவர்கள் தங்களுக்காகத் தாங்களே செய்துகொண்டது. 1992இல் காளை ஏறுபவர்கள் சுமார் இருபது பேர் ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டுத் தனிப் போட்டி அமைப்பே தொடங்கினார்கள். லாம்பர்ட்டும் ஹெட்மனும் அதில் உண்டு.

கன்றுக்கு யார் பேசுவது?

வீரனாவது தானே விரும்பி ஏறுகிறான். மிருகம்?

குதிரையும் காளையும் துள்ளுவதற்கு, பின்தொடைக்கு முன்னால் இடுப்பைச் சுற்றி ஒரு வார் கட்டுகிறார்கள். ஆட்டுத் தோல் உறை போட்டது, வலிக்காது, துள்ளுவது இவற்றின் பரம்பரைக் குணம் என்பது அமைப்பாளர்கள் வாதம். நல்ல காளை ஒன்றின் விலை பெரிய தொகை, அதை யார் வதைப்பார்கள் என்கிறார்கள். வார் தரும் தொந்தரவுதான் துள்ளலுக்குக் காரணம் என்பது விலங்கு நல அமைப்புகளின் பதில். பிரிட்டன் 1934லேயே சட்டம் போட்டு இப்படி வார் கட்டுவதைத் தடை செய்துவிட்டது.

என்னால் பார்க்க முடியாமல் போனது கன்று பிடிக்கும் போட்டி. முழு வேகத்தில் ஓடும் கன்றின் கழுத்தில் சுருக்கு விழுகிறது. குதிரை நிற்கிறது. கன்று சுண்டி இழுக்கப்பட்டுத் திரும்புகிறது. மருத்துவர்கள் இருக்கிறார்கள், விதிகள் இருக்கின்றன. கன்றும் எழுந்து ஓடிவிட்டது. தம்பி மகள் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கைப் பண்ணைக்காரர், மருந்து போட வேண்டுமானால் எங்கள் பண்ணையில் இப்படித்தான் பிடிப்போம் என்று அவளிடம் பொறுமையாக விளக்கினார். "இந்தக் கன்றுக்குக் காய்ச்சலா?" என்று அவள் திருப்பிக் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. சிரித்துவிட்டார்.

இந்த விவாதம் நமக்குப் புதிதல்ல. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் திரண்டது, சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. காளையின் வலி பற்றி ஒரு பக்கமும் பண்பாடு பற்றி மறுபக்கமும் ஆண்டுக்கணக்கில் வாதாடினோம். மாடு குத்திக் குடல் சரிந்தவனின் வைத்தியச் செலவும், அவன் வீட்டு அடுப்பும் அந்த வாதங்களில் எவ்வளவு இடம் பிடித்தன? செயெனில் உட்கார்ந்திருந்தபோது அந்த நினைவு வராமல் இல்லை.

சிலையில் இல்லாதவர்கள்

திருவிழாவின் விளம்பரங்களில் வருபவர் பெரும்பாலும் வெள்ளைக்கார இளைஞர். மைதானத்தின் சரித்திரம் அப்படியல்ல.

ஓடும் காளையைக் கொம்பில் பிடித்துச் சாய்க்கும் போட்டிக்கு மூலவர் என்று சொல்லப்படும் பில் பிக்கெட் ஒரு கறுப்பினத்தவர். 1904இல் இதே செயெனில், காளையின் உதட்டைப் பல்லால் கவ்வி அதைச் சாய்த்துக் கூட்டத்தை வாயடைக்க வைத்தார். அதே 1904இல் மைதானம் சேறாகி ஆண்கள் தயங்கியபோது பெர்த்தா கேபர்னிக் என்ற பெண் முரட்டுக் குதிரைமீது ஏறிக் காட்டினார். அதன்பின் பல ஆண்டுகள் பெண்களுக்கும் அந்தப் போட்டி இருந்தது. 1929இல் ஆரிகன் மாநிலத்தின் பெண்டில்டன் ரோடியோவில் பானி மெக்கரால் என்ற வீராங்கனை குதிரையிலிருந்து விழுந்து இறந்தபின் பெண்களுக்கான குதிரையேற்றப் போட்டிகள் படிப்படியாக மறைந்தன. ஆண்கள் இறந்தபோது கவசம் வந்தது. பெண் இறந்தபோது போட்டியே போய்விட்டது. 1869லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்த வயோமிங்கில் நின்றுகொண்டு இதை நினைத்தால் சற்று உறுத்துகிறது.

ஊரின் பெயரே இன்னொரு கதை. செயென் என்பது இந்தச் சமவெளியில் வாழ்ந்த பூர்வகுடி மக்களின் பெயர். அவர்கள் தங்களை ட்ஸிட்ஸிஸ்டாஸ் என்று அழைத்துக்கொள்கிறார்கள். 1864இல் கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் ராணுவம் செயென், அரபாஹோ மக்களைப் பெண்கள் குழந்தைகள் உள்படக் கொன்று குவித்தது. மூன்று ஆண்டு கழித்து அவர்கள் பெயரில் ஊர் எழுந்தது. செயென் மக்களுக்கு இன்று வடக்கே மான்டனாவிலும் தெற்கே ஓக்லஹோமாவிலும்தான் தாயகம். திருவிழா மைதானத்தில் 'இந்தியக் கிராமம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. பூர்வகுடி நடனக் குழுவினர் ஆடுகிறார்கள், மணிமாலை விற்கிறார்கள். கூட்டம் அன்போடு கைதட்டுகிறது. இங்கும் கைத்தட்டல்.

இரவில் நெடுஞ்சாலை

மாலையில் கடைசிப் போட்டி. மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, பழக்கப்படாத குதிரையைப் பிடித்துச் சேணம் போட்டு மைதானத்தைச் சுற்ற வேண்டும். யார் குதிரை, யார் ஆள் என்று தெரியாத புழுதி. அது அடங்கியதும் கூட்டம் கச்சேரிக்கும் ராட்டினத்துக்கும் பிரிந்தது. நாங்கள் லாரமிக்குக் கிளம்பினோம்.

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி. பின்னால் மூன்று சேணங்கள், அழுக்கு மூட்டைகள், ஒரு ஐஸ் பெட்டி. மூன்று பையன்கள் பெட்ரோலுக்குப் பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் முழங்கையில் ஐஸ் பொட்டலத்தைத் துணியால் கட்டியிருந்தான். தம்பி பேச்சுக் கொடுத்தான். மூவரும் சேணக் குதிரை ஏறுபவர்கள். இன்றைக்கு மூவருக்கும் பணம் இல்லை. இப்போது சால்ட் லேக் சிட்டிக்குப் போகிறார்கள். யூட்டா மாநிலத்தின் ஜூலை 24 விழாவை ஒட்டி அங்கே ரோடியோ. இதே நெடுஞ்சாலையில் இன்னும் 700 கிலோமீட்டர். ஒருவன் ஓட்ட, இருவர் தூங்குவார்கள்.

இந்த மாதம் எப்படி என்று கேட்டதற்கு, முழங்கை கட்டியவன் கணக்குச் சொன்னான். ஒன்பது ஊர், இரண்டு ஊரில் பணம். கட்டணமும் பெட்ரோலும் போக ஏதாவது மிஞ்சியதா? "இன்னும் மாதம் முடியவில்லையே" என்றான். குளிர்காலத்தில் அப்பாவின் பண்ணையில் வேலி கட்டும் வேலை இருக்கிறதாம். விட்டுவிடலாமே என்று தம்பி மனைவி கேட்டாள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு கேள்வியை அவர்கள் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. ஓட்டுகிறவன் மட்டும், எட்டு வினாடி தாங்கிவிட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது என்றான்.

அவர்கள் வண்டி எங்களைத் தாண்டிப் போனது. லாரமியில் நெடுஞ்சாலை ஓரம் பஞ்சாபிகள் நடத்தும் ஒரு லாரி நிறுத்தம் இருக்கிறது. ரொட்டியும் பருப்பும் கிடைக்கிறது. கலிபோர்னியாவுக்குப் போகும் சர்தார்ஜி டிரைவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் ராத்திரி முழுக்க ஓட்டுகிறவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு மைலுக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தபோது தம்பி மகள் நிறுத்தியிருந்த வண்டிகளின் எண் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வயோமிங் பலகை ஒவ்வொன்றிலும் அதே குதிரை, அதே ஆள்.

"இவர் மட்டும் விழவே மாட்டார், இல்ல அத்தை?" என்றாள்.

ஆமாம். இவருக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது.